பூட்டிய கதவுக்குப் பின்னால் நம் கோப்புகள்

எங்கள் அலுவலகத்தின் மின்னஞ்சலும் கோப்புகளும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வேறொரு நிறுவனம் நடத்தும் சர்வர்களுக்கு மாறி ஓராண்டு கடந்திருந்த நிலையில், காலாண்டுக் கணக்கு முடிக்கும் நாளன்று காலையில் எங்களில் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. இணைய இணைப்பு இருந்தது, பாஸ்வேர்டும் சரியாகவே இருந்தது, ஆனால் லாகின் பக்கம் மட்டும் நெடுநேரம் சுழன்றுவிட்டுப் பிழைச் செய்தியைக் காட்டியது. கணினி நிர்வாகம் என் பொறுப்பில் இருந்ததால், முக்கிய வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். அவர்களுடைய எண்கள் அடங்கிய பட்டியலோ அதே சேவையில், அதே கதவுக்குப் பின்னால் இருந்த ஒரு ஷீட்டில் இருந்தது. சேவை இயங்குகிறதா என்று அறிவிக்கும் அந்த நிறுவனத்தின் நிலவரப் பக்கம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை எல்லாம் சீராக இயங்குவதாகவே காட்டிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு முன் சேவை திரும்பிவிட்டது, ஒரு கோப்பும் தொலையவில்லை. ஆயினும் அந்த மூன்று மணி நேரம், இத்தகைய மென்பொருளை நான் மதிப்பிடும் முறையையே மாற்றிவிட்டது.

அதுவரை நானும் மற்றவர்களைப் போலவே வசதிகளையும் விலையையும் ஒப்பிட்டுத்தான் தேர்வு செய்தேன். இந்தச் சந்தையில் போட்டி தொடங்கியதும் அப்படித்தான். 2006 மார்ச்சில் ரைட்லி என்ற இணைய எழுத்துச் செயலியை வாங்கிய கூகுள், 2007 பிப்ரவரியில் நிறுவனங்களுக்கான கட்டணப் பதிப்பை ஒரு பயனருக்கு ஆண்டுக்கு 50 டாலர் என்ற விலையில் வெளியிட்டு, ஜிமெயில் 99.9 சதவீத நேரம் கிடைக்கும் என்ற உறுதிமொழியையும் சேர்த்தே கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2008 நவம்பரில் தன் மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச், கோப்புப் பகிர்வு மென்பொருளான ஷேர்பாயின்ட் ஆகியவற்றைக் கிளவுட் தொகுப்பாக வழங்கத் தொடங்கி, 2011 ஜூனில் அதன் இடத்தில் ஆஃபீஸ் 365-ஐக் கொண்டுவந்தது. இதே வகை அலுவலகச் செயலிகளைத் தரும் ஜோஹோ போன்ற நிறுவனங்களும் அதே காலத்தில் களத்தில் இருந்தன.

நம்பகத்தன்மையின் கதை அந்த விளம்பரங்களுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. 2009 பிப்ரவரி 24 அன்று, ஐரோப்பாவில் கூகுளின் சர்வர்கள் இருக்கும் ஒரு டேட்டா சென்டரில் நடந்த வழக்கமான பராமரிப்பின்போது சுமை வேறொரு மையத்தின் மீது விழ, அது அடுத்தடுத்த மையங்களுக்கும் பரவி, ஜிமெயில் சுமார் இரண்டரை மணி நேரம் நின்றது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று மீண்டும் ஏறத்தாழ நூறு நிமிடத் தடை. அந்த முறை, சேவை நிற்காமல் கிடைப்பதற்காகவே செய்யப்பட்ட சில மாற்றங்கள், கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் ரவுட்டர்கள் மீது எதிர்பாராத சுமையை ஏற்றிவிட்டிருந்தன. 2011 செப்டம்பரில் கூகுள் டாக்ஸ் ஒரு நாள் சுமார் ஒரு மணி நேரம் முடங்கியது. அதற்கு மறுநாளே, இணையப் பெயர்களைச் சர்வர் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பின் கோளாறினால் ஆஃபீஸ் 365 உள்ளிட்ட மைக்ரோசாஃப்ட் சேவைகள் முடங்கின. அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு, ஒரு நிறுவனத்தின் தடையைச் சுட்டிக்காட்டி மற்ற நிறுவனம் தன்னை உயர்த்திக்கொள்வதில் பொருளில்லை என்பது எனக்குத் தெளிவாகியிருக்க வேண்டும்.

99.9 சதவீதம் என்ற எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முப்பது நாள் கொண்ட மாதத்தில் அது 43 நிமிடத் தடையை அனுமதிக்கிறது. அந்த நிமிடங்கள் எப்படி எண்ணப்படுகின்றன என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர். கூகுளின் பழைய உறுதிமொழியில் பத்து நிமிடத்துக்குக் குறைவான தடைகள் கணக்கில் வரவில்லை; முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரமும் வரவில்லை. அதாவது, ஒரு மாதத்தில் ஒன்பது நிமிடத் தடை பத்து முறை வந்து ஒன்றரை மணி நேரம் வேலை கெட்டாலும், ஏட்டில் அது நூறு சதவீதமாகவே நிற்கும். 2011 ஜனவரியில் கூகுள் இந்த இரண்டு விலக்குகளையும் நீக்கியது. போட்டி வாடிக்கையாளருக்கு உண்மையாகவே நன்மை செய்த தருணங்களில் ஒன்றாக நான் அதைக் கருதுகிறேன். புதிய எழுத்துருக்களையும் வண்ணங்களையும் விட அது பெரிய காரியம். இழப்பீடு என்ற பகுதி மட்டும் இன்றும் மெலிந்தே இருக்கிறது: மாதக் கட்டணத்தில் ஒரு பங்கோ, சில நாள் கூடுதல் சேவையோ கிடைக்கும், அதையும் குறித்த காலத்துக்குள் நாமே விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். நின்றுபோன ஒரு நாள் வேலையின் மதிப்போடு அதற்குத் தொடர்பே இல்லை.

இந்த எண்களை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அண்மைக் காலத்தின் பெரிய தடைகளை வரிசையாகப் பார்த்தால், கோப்புகள் இருக்கும் அறையில் பழுது நேர்வதைக் காட்டிலும், அறைக்குப் போகும் பொதுக் கதவில், அதாவது லாகினிலோ இணையப் பெயரிலோ, நேர்வதே அதிகமாகக் கண்ணில் படுகிறது. 2020 செப்டம்பர் 28 அன்று லாகின் செய்பவர் யார் என்று சரிபார்க்கும் மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான அஸூர் ஏடியில், சோதனை வட்டத்தில் முதலில் ஓடிப் பார்க்கப்பட வேண்டிய ஒரு மாற்றம் நேராக நடைமுறைக்குள் போய்விட, உலகின் பல பகுதிகளில் பயனர்கள் வெளியே நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று கூகுளில், பயனர் அடையாளச் சேவையின் பயன்பாட்டு அளவு பூஜ்யம் என்று பழைய அமைப்பின் மிச்சம் ஒன்று தவறாகச் சொல்ல, தானியங்கி ஒதுக்கீட்டு முறை அந்தச் சேவைக்கான இடத்தைச் சுருக்கிவிட்டது. ஜிமெயில், டாக்ஸ், காலண்டர் எல்லாம் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகத் திறக்கவில்லை. ஆனால் லாகின் செய்யாமல் யூடியூப் பார்த்தவர்களுக்கு அது ஓடியது. 2021 மார்ச் 15 அன்று, வைத்திருக்க வேண்டும் என்று குறிக்கப்பட்ட, லாகினைச் சரிபார்க்கப் பயன்படும் ஒரு டிஜிட்டல் சாவியைத் தானியங்கி நிரல் நீக்கிவிட, மீண்டும் மைக்ரோசாஃப்ட் பயனர்கள் வெளியே நின்றார்கள். 2018 செப்டம்பரில் ஜோஹோவுக்கு நேர்ந்தது இன்னும் தெளிவான பாடம்: அதன் சர்வர்கள் நலமாக இருந்தன, ஆனால் அதன் இணைய முகவரியான டொமைன் பெயரைப் பதிவு செய்த நிறுவனம், ஃபிஷிங் எனப்படும் ஏமாற்று மின்னஞ்சல்கள் பற்றிய புகார்களைக் காரணம் காட்டி அந்தப் பெயரை முடக்கியதால் வாடிக்கையாளர்களுக்கு வழி மறைந்தது.

இந்த ஒற்றைக் கதவுக்குப் போட்டியும் ஒரு காரணம் என்பதே என் கருத்து. மின்னஞ்சலை மட்டும் விற்றால் வாடிக்கையாளர் எளிதில் மாறிவிடுவார் என்பதால், உரையாடல், வீடியோ சந்திப்பு, கோப்புச் சேமிப்பு, சாதன நிர்வாகம் என்று ஒவ்வொன்றையும் ஒரே கட்டணத்தில், ஒரே லாகினில் கட்டித் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் தன் உரையாடல், சந்திப்புச் செயலியான டீம்ஸை ஆஃபீஸோடு சேர்த்துத் தருவதை எதிர்த்து, போட்டி உரையாடல் செயலியை விற்கும் ஸ்லாக் நிறுவனம் 2020 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2023 அக்டோபரில் ஐரோப்பாவிலும் 2024 ஏப்ரலில் உலகெங்கும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸைத் தனியாக விற்கத் தொடங்கியது. விலைப்பட்டியலில் அது பிரிந்தது, ஆனால் லாகின் பிரியவில்லை. தொகுப்பில் ஒரு செயலி கூடும்போதெல்லாம், அந்தக் கதவு நின்றால் நிற்கும் வேலையும் கூடுகிறது.

இதற்காகச் சொந்த சர்வருக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முன்பு மின்னஞ்சல் சர்வரை நானே பராமரித்தபோது, வட்டு ஒன்று பழுதாகி இரண்டு நாள் உறக்கமின்றி மீட்டெடுத்த அனுபவம் எனக்கு உண்டு. 2011 பிப்ரவரியில் சுமார் 0.02 சதவீத ஜிமெயில் பயனர்களின் அஞ்சல்கள் மறைந்தபோது, காந்த நாடாவில் தனியே வைத்திருந்த பேக்கப்பிலிருந்து கூகுள் அவற்றை மீட்டுத் தந்தது போன்ற ஏற்பாடு எங்களிடம் ஒருபோதும் இருந்ததில்லை. நான் மாற்றியது வேறு. அவசரத் தொடர்பு எண்கள் இப்போது அச்சில் இருக்கின்றன. டொமைன் பதிவுக் கணக்கின் மீட்பு மின்னஞ்சல், நாங்கள் பயன்படுத்தும் தொகுப்புக்கு வெளியே இருக்கிறது. முன்பு அது உள்ளேயே இருந்தது, அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருந்தது. ஊழியர்களுக்கான உரையாடலுக்கு வேறொரு நிறுவனத்தின் எளிய சேவையை மாற்று வழியாக வைத்திருக்கிறோம். முக்கியக் கோப்புகளை வாரந்தோறும் சாதாரணக் கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து தனியே வைக்கிறோம். கணினியின் டிரைவ் கோப்புறையில் தெரியும் கூகுள் ஆவணம் வெறும் இணைப்புதான், உள்ளடக்கம் அதில் இல்லை என்பதைப் பலர் அறியாமல் அந்தக் கோப்புறையை நகலெடுத்து பேக்கப் என்று நம்புகிறார்கள். நானும் அப்படி நம்பியிருந்தேன்.

காலாண்டுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் யாரும் லாகின் செய்யாமல் வேலை பார்க்கும் ஒத்திகையும் நடத்துகிறோம். சென்ற ஒத்திகையில், பணியில் புதிதாகச் சேர்ந்த நால்வரின் எண்கள் அச்சுப் பட்டியலில் ஏறவில்லை என்பதும், ஏற்றுமதி செய்த ஊதியக் கணக்கு ஷீட் ஒன்றில் சூத்திரங்கள் உடைந்திருந்தன என்பதும் தெரியவந்தன. எண்களை அன்றே சேர்த்துவிட்டோம். ஷீட்டை இந்த வாரம் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.