வினைமுற்று காதில் விழ வேண்டும்

1986-ல் தி.நகர் வாணி மஹாலில்தான் எனக்கு முதன்முதலாக வசனம் உள்ள வேடம் கிடைத்தது. மொத்தமே மூன்று வரி. கடைசி வரி, "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்." மதியம் மேடை ஒத்திகையில் அதைச் சொல்லி முடித்தேன். இருட்டாகக் கிடந்த அரங்கின் கடைசி வரிசையிலிருந்து எங்கள் டைரக்டர் எழுந்து நின்றார்.

"சொல்லப் போறியா, மாட்டியா? 'நான் சொல்ல' வரைக்கும்தான்டா இங்க வந்தது."

குரலை உயர்த்திச் சொன்னேன். "கத்தச் சொல்லலை. முடிக்கச் சொன்னேன்" என்றார். ஏழெட்டு தடவை சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தொடங்கும்போது நெஞ்சு நிறைய மூச்சு இருக்கிறது; போகப்போக இறங்கி, முடிகிற இடத்தில் குரல் தரையோடு தரையாகிவிடுகிறது. தமிழிலோ முக்கால்வாசி விஷயம் அந்த முடிகிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார், வருவேன், வரமாட்டேன், வந்தியா. ஆணா பெண்ணா, மரியாதை உண்டா இல்லையா, நடந்ததா இனிமேலா, சம்மதமா மறுப்பா, எல்லாம் வினைமுற்றில். அதை முழுங்கிவிட்டால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமி வேறு ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

எங்கள் குழுவில் எல்லோருமே வேலைக்குப் போகிறவர்கள். நான் வங்கியில் கவுண்டர் பார்த்தேன். சபா நாடகத்துக்கு இது பழகிய வழிதான். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் என்கிற அரசுக் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். கிரேஸி மோகன் இன்ஜினியர். ஐந்து மணிக்குக் கணக்கை முடித்துவிட்டு பஸ் பிடித்து, ஆறரைக்கு மேக்கப்பில் உட்கார்ந்தால் ஏழு மணிக்குத் திரை விலகும். மேடைக்கு மேலே இரண்டு மூன்று மைக் தொங்கும். சீன் எதுவானாலும் எல்லோரும் நகர்ந்து நகர்ந்து அதற்கு அடியில் வந்து சேர்ந்துவிடுவோம். எங்கள் டைரக்டருக்கு அது பிடிக்காது. சோபாவை வேண்டுமென்றே மைக் எட்டாத மூலையில் போடச் சொல்வார்.

இரண்டு வருடத்தில் எழுதவும் ஆரம்பித்தேன். எனக்கு எழுத்தைக் கற்றுக் கொடுத்தது எனக்குள் இருந்த நடிகன்தான். சிரிப்பு வர வேண்டிய சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஓர் எழுத்துகூட வரக் கூடாது. அடுத்தவர் வசனம் கைதட்டலிலும் சிரிப்பிலும் முங்கிப்போகும் என்பதால், அதன் முதல் இரண்டு சொற்கள் போனாலும் பாதகமில்லாதவையாக இருக்க வேண்டும். "அதான் பாருங்க", "இல்ல சார்" என்று ஆரம்பிக்கிற வசனங்களை நான் நிறைய எழுதியிருக்கிறேன். அச்சில் படிக்கிறவருக்கு அவை வெறும் சதையாகத் தெரியும். மேடையில் அவைதான் பாலம்.

சினிமா வாய்ப்பு 1994-ல் வந்தது. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் படப்பிடிப்பு. மகன் என்னைப் பட்டணத்துக்கு அழைத்துப் போக வந்து நிற்கிறான். கையில் காபி டம்ளரோடு நான் சொல்ல வேண்டியது, "நான் எங்கேயும் வரலை." மூன்று டேக் ஆயிற்று. மூன்றிலும் 'வரலை' தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். டைரக்டர் என்னைவிட வயதில் சின்னவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், 'வரலை'யை விட்டுடுங்களேன். 'நான் எங்கேயும்'னு ஆரம்பிங்க. டம்ளரைக் கீழே வைங்க. போதும்."

எனக்குப் பகீரென்றது. எட்டு வருடம் எதை அடித்து அடித்துப் பழக்கினார்களோ அதையே விடச் சொல்கிறார்.

மேடையில் டம்ளர் எப்போதும் காலி. குடிப்பதுபோல் பாவனை செய்வோம், தொண்டையை அசைப்போம். இங்கே நிஜக் காபி, ஆவி பறக்க வேண்டும். டேக்குக்கு டேக் புரொடக்‌ஷன் பையன் புதிதாக ஊற்றுவான். டம்ளரில் எந்த அளவுக்கு இருந்தது, எந்தக் கையில் பிடித்தேன், எந்தச் சொல்லுக்கு வாயருகே போயிற்று என்று உதவி இயக்குநர் நோட்டில் எழுதிக்கொள்வார். நாலு, அஞ்சு, ஆறு என்று போயிற்று. ஏழாவது டேக்கில் 'எங்கேயும்' என்ற இடத்தில் சூடு தாங்காமல் விரல் விலகியது. டம்ளரைத் திண்ணையில் வைத்தேன். ணங்கென்று சின்னதாக ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் 'வரலை'. நான் சொல்லியிருந்தால் இவ்வளவு உறுதியாக வந்திருக்காது.

நாலு மாதம் கழித்து டப்பிங். அரை இருட்டில், மைக் முன்னால் நின்று, திரையில் இருக்கிற என் வாயைப் பார்த்து அதே பாதி வாக்கியத்தைப் பேச வேண்டும். முடிக்காத வாக்கியத்தைப் பேசுவது அவ்வளவு லேசில்லை. முடிக்கப் போகிறவனின் மூச்சை உள்ளே இழுத்து, முடிக்காமல் நிறுத்த வேண்டும். முடிக்க உத்தேசமே இல்லாமல் நிறுத்தினால் பொய் என்று ஒலிப்பெருக்கியில் பட்டென்று தெரிந்துவிடும். அந்த ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இந்த இரண்டு கரைக்கும் போய்வந்தவர்களில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது இயக்குநர் மகேந்திரனை. 'தங்கப்பதக்கம்' முதலில் நாடகம், எழுதியவர் அவர். சிவாஜி கணேசன் மேடையில் நடித்து, 1974-ல் படமானபோதும் வசனம் அவர்தான். அதில் ஒவ்வொரு வாக்கியமும் கடைசி வரிசைக்காக முடித்து எழுதப்பட்டது. அதே கை 1978-ல் 'முள்ளும் மலரும்', 1979-ல் 'உதிரிப்பூக்கள்' என்று இயக்குநராக வந்தபோது, பேச்சைக் குறைத்துக்கொண்டே போயிற்று. பேசத் தெரியாதவர் மௌனத்தைத் தேர்ந்தெடுத்தால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. முழங்க எழுதத் தெரிந்தவர் நிறுத்தியதால்தான் அந்த மௌனத்துக்கு எடை இருக்கிறது. 2016-ல் 'தெறி' படத்தில் வில்லனாக வந்தார். குரலை உயர்த்தாமலே பயமுறுத்தினார். தியேட்டரில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதி, இயக்கி, கடைசியில் தன் உடம்பாலேயே அதைச் செய்து காட்டிவிட்டுப் போனார்.

படங்களுக்கு வசனமும் எழுதினேன். ஒரு படத்துக்கு இரண்டு மாதம் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பேட்டா மட்டும் ஒழுங்காக வந்தது. படம் வெளியான அன்று மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். டைட்டிலில் என் பெயர் இல்லை. "அப்பா, இந்த வசனம் நீங்க ராத்திரி சொல்லிப் பாத்ததுதானே?" என்று மகள் இருட்டில் கேட்டாள். இன்றைக்கும் அது வலிக்கிறது. மேடையில் இப்படி நடக்காது. திரை விழுந்ததும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, லைட் போட்டவர் வரைக்கும் பெயர் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இப்போது வங்கியிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. நங்கநல்லூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் ஒத்திகை. வருகிறவர்கள் பெரும்பாலும் குறும்படத்தில் நடித்துப் பழகியவர்கள். முகம் அவ்வளவு உண்மையாக இருக்கிறது, பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் சட்டையில் குத்திய மைக்கை நம்பி வளர்ந்த குரல். வாக்கியம் முடிவதற்குள் கரைந்துபோகிறது. அந்த உண்மையை அவர்களிடமிருந்து பிடுங்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அதனால் கத்து என்று யாரிடமும் சொல்வதில்லை.

போன வாரம் ஒத்திகை முடிய நேரமாகிவிட்டது. கீழே வாட்ச்மேன் பூட்டோடு கேட்டுக்குப் போவது மாடியிலிருந்து தெரிந்தது. குழுவில் ஒரு பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவளைக் கைப்பிடிச் சுவரருகே கூப்பிட்டு, "பூட்ட வேண்டாம்னு சொல்லும்மா" என்றேன்.

"அண்ணே, கேட்டைப் பூட்டாதீங்க."

வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார். "பூட்டவா, வேணாமாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, அதே மெல்லிய குரலில், இந்த முறை கடைசி எழுத்து வரைக்கும் விடாமல் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, பூட்டைக் கம்பியிலேயே மாட்டித் தொங்கவிட்டார்.