ஊர் என்றால் ‘நம்ம’, ஊம் என்றால் மாமா: என் ஸ்கிராபிள் நோட்டு

கோடை லீவுக்குப் பாளையங்கோட்டை வந்த அக்கா மகன் பையில் ஒரு ஸ்கிராபிள் பலகையும் கொண்டுவந்தான். ஆங்கில எழுத்துக் காய்களை அடுக்கி வார்த்தை கட்டுகிற ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே, எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்குகிற சதுரத்தில் க்யூவை வைத்தான். வலப்பக்கம் கையிலிருந்த ஒரு ஐ, கீழே ஏற்கெனவே கிடந்த இன்னொரு ஐ. குறுக்கேயும் நெடுக்கேயும் ஒரே வார்த்தை. க்யூவுக்கு 10, மூன்று மடங்கில் 30, ஐக்கு 1. ஆக 31, இரண்டு தடவை, 62.

“க்யூவுக்குப் பொறவு யூ வராம என்னல வார்த்தை இது?”

“சீ, மாமா.”

என்னைத்தான் சொல்கிறானோ என்று ஒரு நொடி முறைத்தேன். சீனமொழிச் சொல்லாம். உடம்புக்குள் ஓடும் உயிர்ச்சக்தி. உச்சரிப்பே அப்படித்தான்.

மறுநாள் தெற்கு பஜாரில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நாங்கள் ஆடுவது காலின்ஸ் அகராதியின் ஸ்கிராபிள் வார்த்தைப் பட்டியலை வைத்து. அதில் இரண்டெழுத்து வார்த்தைகள் 127. இதென்ன பிரமாதம், வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டால் போச்சு என்றுதான் ஆரம்பித்தேன். வேலைக்குப் போகிற பஸ்ஸில் படிப்பு. கொக்கிரகுளத்தில் பத்து வார்த்தை ஒப்பிப்பேன். சுலோச்சன முதலியார் பாலம் தாண்டி ஜங்ஷனில் இறங்கும்போது ஆறு வார்த்தை ஆற்றோடு போயிருக்கும். ஒரு வாரம் இப்படியே வீண். அர்த்தம் தெரியாத எழுத்துக் குவியல் மண்டையில் நிற்கவே மாட்டேன் என்றது.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஏ, ஏ. இரண்டே எழுத்து. ஹவாய்த் தீவில் கரடுமுரடாக உறைந்துபோகும் எரிமலைக் குழம்புக்கு அந்தப் பெயர். நோட்டில் எழுதிவிட்டுப் பக்கத்தில் தமிழில் ‘ஆ’ என்று கிறுக்கினேன். உடனே பள்ளிக்கூடத்தில் நன்னூலின் ஓரெழுத்து ஒருமொழி 42-ஐயும் ஒப்பித்த ஞாபகம். ஆ என்றால் பசு. எரிமலைக் குழம்பின் மேல் ஒரு பசு நிற்கிற படம் மனசில் விழுந்தது. அந்த வார்த்தை அதற்குப் பிறகு மறக்கவில்லை.

சரி, எல்லாவற்றையும் தமிழ்க் காதால் கேட்டுப் பார்ப்போம் என்று நோட்டைத் திருப்பி முதலிலிருந்து எழுதினேன். இரட்டை ஏ, இரட்டை ஓ வருகிற வார்த்தைகளைத்தான் முதலில் எடுத்தேன். அதற்குக் காரணம் உண்டு. 1930-களில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், வேலை இழந்த கட்டடக் கலைஞர். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று பத்திரிகைப் பக்கத்தை எண்ணிப் பார்த்துத்தான் காய்களைப் பங்கு வைத்தார். 100 காயில் ஏ 9, ஓ 8. எஸ் நாலே நாலு. க்யூவும் இசட்டும் ஒவ்வொன்று. அதனால் கையில் உயிரெழுத்தாக வந்து குவிவது தினப்படித் தொல்லை.

இரட்டை ஓவோடு எம் சேர்ந்தால் ஊம். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிகான்ஸ் மொழியில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் அதுதான். மருமகனுக்கு இது தெரிந்த நாளிலிருந்து “ஊம், காப்பி குடிக்கீங்களா?” என்றுதான் கேட்கிறான். என் சேர்ந்தால் ஊன். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அது அடுப்பு. ஊன் வேகிற இடம் என்று வைத்துக்கொண்டேன். ஆர் சேர்ந்தால் ஊர். அதுவும் ஸ்காட்லாந்துதான், அர்த்தம் ‘நம்முடைய’. இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடவே தோன்றவில்லை. எங்கோ குளிரில் இருக்கிறவன் ‘நம்ம’ என்று சொல்ல ஊர் என்கிறான்.

ஏமாற்றுகிற வார்த்தைகளும் உண்டு. ஏ, ஏ, எல்: ஆல். ஆலமரம் என்று அடித்துச் சொன்னேன், இல்லை. இந்தியில் ஆல் என்பது நம் வயல் வரப்பில் நிற்கிற மஞ்சணத்தியின் வகை. வேர்ப்பட்டையில் சிவப்புச் சாயம் எடுப்பார்கள். சின்ன வயசில் அதன் கறுத்த பழத்தைத் தின்று நாக்கு கறுத்த எனக்கு, மரத்தை அகராதியில் அடையாளம் தெரியவில்லை. நடுவில் இரட்டை ஏ வரும் நாம், பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் ஜப்தி. கே, ஏ, ஐ: கை. மவோரி மொழியில் சாப்பாடு. நமக்கு அது சுலபம், கையால்தானே தின்கிறோம்.

மூன்றாவது வாரம் தலைக்கனம் ஏறிவிட்டது. காதுக்கு நன்றாகப் பட்டதெல்லாம் பட்டியலில் இருக்கும் என்று ஒரு நினைப்பு. கையில் இரண்டு ஓ, ஒரு எல். யோசிக்காமல் வைத்தேன்.

“என்ன மாமா இது?”

“ஊழ்.”

“அது தமிழ்லா!”

காலின்ஸில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டுச் சட்டப்படி காயையும் எடுத்து, முறையும் போயிற்று. அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தாள்.

இந்தக் காது உதவிய இடமும் இருக்கிறது. ஏமனில் மெல்லுகிற ஒரு இலை ‘காட்’; கே வைத்து, கே ஹெச் வைத்து, க்யூ வைத்து என மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் செல்லும். திபெத்துப் பக்கம் யாக்கும் பசுவும் கலந்த மாட்டுக்கு ‘ஸோ’. இசட், ஓ என்றும் எழுதலாம். நடுவில் ஹெச் போட்டாலும், முன்னால் டி போட்டாலும் அதே மாடுதான். இப்படிப்பட்ட வார்த்தைகளுக்கு எழுத்துக்கூட்டு தெரியாதவன்தான் சரியான ஆள்.

போன ஞாயிறு கையில் ஏ, சி, ஐ, என், எஸ், டி, யூ. பத்து நிமிஷம் வெறித்துப் பார்த்தேன். ‘அனிகட்’ தெரிந்தது. நம் அணைக்கட்டு ஆங்கிலத்துக்குப் போய்க் கட்டிக்கொண்ட வேஷம். எஸ் சேர்த்தால் பன்மை. தாமிரபரணியில் சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு இருக்கிறதே! ஏழு காயையும் ஒரேயடியாக இறக்கினால் 50 கூடுதல். ஆனால் பலகையில் இடம்? இந்த ஆட்டத்திலும் அவன் வைத்திருந்த ‘சீ’ ஓரமாகக் கிடந்தது. அதற்கும் பன்மை உண்டு. என் கடைசி எஸ் அதன் வாலில் போய் உட்கார, நெடுக்கே அணைக்கட்டுகள். இதற்கு 9, அதற்கு 12, மேலே 50. சதுரத்தின் மடங்கை விட்டாலே 71.

மருமகன் உடனே போனை எடுத்துத் தட்டினான். பட்டியலில் இருந்தது. “இது எந்த நாட்டு வார்த்தை மாமா?”

“சாயங்காலம் வண்டிய எடு. சுத்தமல்லில காட்டுதேன்.”

அந்த ஆட்டமும் அவனுக்குத்தான். 14 புள்ளி.