மழையும் கடலும் சேர்ந்து ஏறிய நாட்கள்: பட்டர்வொர்த் (பினாங்கு, மலேசியா) நாட்குறிப்பு, நவம்பர் 2017

3 நவம்பர், வெள்ளி, இரவு 9.30

மாலையில் சிவன் கோயிலில் அன்னாபிஷேகம். மழையினால் கூட்டம் குறைவு. ஐப்பசியில் பினாங்கில் மழை பெய்வது புதிதில்லை; கிழக்குக் கரைக்கு டிசம்பர் என்றால் எங்களுக்கு அக்டோபரும் நவம்பரும்தான். ஆனாலும் இந்த வருஷம் மனசு நிம்மதியாக இல்லை. செப்டம்பர் 15இல் ஒரு வெள்ளம் வந்து போனது. தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், அக்டோபர் 21இல், தஞ்சோங் பூங்கா என்ற இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் உயிரோடு புதைந்து போனார்கள். எங்களுக்கு எதிரே பினாங்குத் தீவின் மலையெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கிறது.

வாட்ஸ்அப்பில் ‘டாம்ரே புயல் பினாங்குக்கு வருகிறது’ என்று ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்புகிறார்கள். டாம்ரே இங்கே வராது, அது வியட்நாமைப் பார்த்துப் போகிறது. எனக்குக் கவலையெல்லாம் நமக்கு வடக்கே, தாய்லாந்துப் பக்கம் இருக்கும் தாழ்வழுத்தத்தைப் பற்றித்தான். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயலாகச் சுழல்வது அபூர்வம். 2001 டிசம்பர் 27இல் ‘வாமெய்’ ஜோகூரில் கரையேறியது, அதை இன்னும் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் புயல் என்று பெயர் வாங்காத ஒரு சுழலும் மழையைக் கொட்டிவிட்டுப் போகலாம்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சாப்பிடும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நாளைக்குப் பௌர்ணமி. கடல் ஏறுற நேரம் என்னன்னு பாத்தியாம்மா?”

பார்த்தேன். நள்ளிரவைத் தாண்டி ஒரு முறை, மதியத்தைத் தாண்டி ஒரு முறை. பௌர்ணமியைவிட அதற்கு மறுநாளும் அடுத்த நாளும்தான் கடல் உச்சத்துக்குப் போகும் என்கிறார் அப்பா.

4 நவம்பர், சனி, பிற்பகல் 3.00

டாம்ரே இன்று காலை வியட்நாமில் ஞா ட்ராங் பக்கம் கரையேறிவிட்டது. இங்கே வானம் தாழ்ந்து இருண்டுவிட்டது. காற்று கடலிலிருந்து வருகிறது, நிற்கவே இல்லை. நாம் இருக்கும் வட அரைக்கோளத்தில் காற்று தாழ்வழுத்தத்தைக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். தாழ்வழுத்தம் வடக்கே இருந்தால் நமக்கு மேற்குக் காற்று. மலாக்கா நீரிணையின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து முதலில் தீவின் மலைகளில் மோதும், அப்புறம் இந்தப் பக்கம் நம் தலையில் இறக்கும்.

காலி மைலோ டின் ஒன்றை வேலித் தூணில் கட்டி வைத்திருக்கிறேன். நேரான சுவர் உள்ள எந்த டின்னும் மழை அளக்க உதவும். அதில் ஒரு மி.மீ. ஏறினால், வெளியே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு லிட்டர் விழுந்திருக்கிறது என்று கணக்கு.

அண்ணன் மகளுக்கு திங்கட்கிழமை எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) தொடங்குகிறது. நடுக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள். புத்தகங்களை மட்டும் அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன். “என்ன அத்தை, இவ்ளோ பயப்படுறீங்க” என்றாள்.

இரவு 10.30

காற்று பலம். பின்தெருவில் மரம் ஒன்று காரின் மேல் விழுந்திருக்கிறது, யாருக்கும் அடியில்லை. வாசல் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. ஓடவில்லை, நிற்கிறது. குப்பை அடைத்தால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வற்றும். இரண்டு பக்கமும் ஒரே மட்டம் என்றால் வெளியே போக வழியில்லை என்று பொருள். கடல் ஏறும்போது மதகை மூடிவிடுவார்கள், மூடாவிட்டால் கடல் உள்ளே வரும். மூடியபின் மழைத் தண்ணீரை வெளியே தள்ள பம்ப் மட்டும்தான்.

ராடாரில் நமக்கு மேல் சிவப்பு, அதற்குப் பின்னால் கடலின் மேலும் சிவப்பு. விடுவதாகத் தெரியவில்லை. டின் நிரம்பிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.

இரவு 11.50

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறையில் கால்வைக்கும் இடத்துச் சல்லடைத் துளையிலிருந்து முதலில் ‘குபுக்’ என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் குமிழ் விட்டது, அடங்கியது, மறுபடி விட்டது. இரண்டு கரப்பான்கள் துளையிலிருந்து ஏறிச் சுவரில் ஓடின. அப்புறம் தண்ணீர் மெதுவாக, சத்தமில்லாமல், தரையின் சரிவுக்கு எதிராக நடுக்கூடத்தைப் பார்த்து வந்தது. வாசலில் மணல் மூட்டை அடுக்கி வைத்த வீடுகளிலும் இதே கதிதான் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். சாக்கடையில் தண்ணீருக்குப் போக இடமில்லாவிட்டால் வீட்டுக் குழாய்தான் அதற்கு வழி.

உடனே செய்தவை: மெயின் சுவிட்சை அணைத்தேன். என் கணவர் கேஸ் சிலிண்டரைக் கழற்றி ஜன்னல் கம்பியில் கட்டினார், இல்லாவிட்டால் மிதந்து உருளும். ஐசி (அடையாள அட்டை), பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், அப்பாவின் மருந்து, தேர்வுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பிளாஸ்டிக்கில் சுற்றினேன்.

5 நவம்பர், ஞாயிறு, அதிகாலை 1.40

கணுக்காலில் இருந்தது முழங்காலுக்கு வந்துவிட்டது. கடல் உச்சம் இப்போதுதான். பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) தனியாகப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அவர் மருமகன் இரவு ஷிப்டில் மாட்டிக்கொண்டார். குழந்தைகள் இருவரையும் என் கணவர் தோளில் தூக்கி வந்தார். எங்கள் வரிசை முழுக்க ஒற்றை மாடி, மேல்தளம் இல்லாத வீடுகள். எதிர் மூலையில் சீன அங்கிள் வீடு மட்டும் இரட்டை மாடி. அவரே கேட்டைத் திறந்து டார்ச் அடித்துக் கூப்பிட்டார்.

அப்பா வர மறுத்தார். “நான் பாக்காத தண்ணியா?” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மகள் போய், “தாத்தா, நீங்க வராட்டி நானும் வரல. நாளன்னைக்கு எனக்குப் பரிட்சை” என்றாள். எழுந்தார். நானும் அவளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தோம். லோங்காங் எங்கே, ரோடு எங்கே என்று தெரியவில்லை. குடைக் கம்பால் ஒவ்வொரு அடியும் தட்டித் தட்டித்தான் போனோம். அந்தப் பத்துப் பதினைந்து அடி தூரம் என் வாழ்நாளுக்கும் போதும்.

அதிகாலை 4.10

மேல்மாடி வராந்தாவில் பதினொரு பேர், மூன்று மொழி, ஒரே ஒரு கேஸ் அடுப்பு. மாக்சிக் மைலோ கலக்கிக் கொடுத்தார். கீழே என் வீட்டுக்குள் ஏதோ மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஐஸ் பெட்டிதான். தண்ணீர் ஏறினால் அது எடையிழந்து மிதந்து சாய்ந்துவிடும்.

போனில் சார்ஜ் கொஞ்சம்தான். முதலமைச்சர் லிம் குவான் எங் இராணுவ உதவி கேட்டுத் துணைப் பிரதமருக்கு அழைத்திருக்கிறார் என்று செய்தி. தீவில் ஆயர் ஈத்தாம், சுங்கை பினாங்கு எல்லாம் மூழ்கிக் கிடக்கின்றன. அதற்குமேல் போனைத் திறக்கவில்லை.

காலை 8.00

மழை தூறலாகிவிட்டது. தண்ணீர் தொடையிலிருந்து முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது. மழை நின்றதால் இறங்கியது என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். அப்பா மட்டும், “கடல் வத்துது, அதான். மத்தியானம் திரும்ப வரும், யாரும் கீழ போய்க் கழுவ ஆரம்பிச்சிடாதீங்க” என்றார்.

பிற்பகல் 2.15

அப்பா சொன்னபடியே ஆயிற்று. ஒரு சொட்டு மழை இல்லை, வெயில்கூட எட்டிப் பார்த்தது, தண்ணீர் மட்டும் ஒரு முழம் திரும்ப ஏறியது. அடுத்த தெருவில் காலையிலேயே மெத்தைகளை வெளியே போட்டுத் துடைத்து வைத்தவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வானிலை அறிக்கையில் மழை அளவு வருகிறது, காற்றின் வேகம் வருகிறது. கடலோரத் தாமானில் (குடியிருப்பில்) இருப்பவனுக்கு அதே வரியில் கடல் ஏறும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் எத்தனை பேருக்கு உதவியாக இருக்கும்!

இரவு 9.00

ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியிருக்கிறது. என் டின்னைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது, அதனால் நம் தெருக் கணக்கு என்னிடம் இல்லை. 300 என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் மனை 20க்கு 70 அடி, ஏறக்குறைய 130 சதுர மீட்டர். அதன் மேல் மட்டும் விழுந்தது 39,000 லிட்டர், அதாவது 39 டன். ஒரு வீட்டுக்கு! வரிசையில் எத்தனை வீடு, தாமானில் எத்தனை வரிசை! அத்தனையும் மூடிய மதகின் முன்னால் போய் நின்றால் ஊருக்குள் திரும்பாமல் என்ன செய்யும்?

அண்ணன் மகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கிறாள்.

6 நவம்பர், திங்கள்

பள்ளிகள் மூடல், ஆனால் எஸ்பிஎம் தள்ளிப்போகவில்லை. அதிகாலை ஐந்தரைக்கே கிளம்பினோம். சீருடையைப் பையில் வைத்து, அரைக்கால் சட்டையோடு பெரிய ரோடு வரை நடந்து, அங்கே தெரிந்த அண்ணன் ஒருவரின் லோரியில் ஏறினாள். பள்ளி வாசலில் ஆசிரியை ஒருவர் துண்டும் காய்ந்த காலுறையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருந்தாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது.

எங்கள் தாமானில் தண்ணீர் வடிந்துவிட்டது. உள்ளே பெர்மாத்தாங் பாவ் பக்கம் இன்னும் இடுப்பளவு நிற்கிறது. இதைத் தீவில் இருப்பவர்கள் அவ்வளவாக உணர்வதில்லை. அங்கே மலையிலிருந்து வேகமாக வரும், வேகமாகப் போகும். இங்கே பெருநிலப் பக்கம், செபராங் பிறையில் தரை தட்டை, பிறை ஆற்றுக்குக் குலிம் பக்கத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வடக்கே மூடா ஆறு கெடாவின் மழையையும் சேர்த்துக்கொண்டு வரும். நமக்கு மழை நின்று இரண்டு நாள் கழித்தும் ஆறு ஏறும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘இன்போ பஞ்சிர்’ பக்கத்தில் ஆற்று அளவுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மேலே உள்ள நிலையங்களில் அபாயக் கோட்டுக்கு மேல் இருந்தால், கீழே உள்ளவர்கள் துயர் துடைப்பு மையத்தைவிட்டு வீட்டுக்குப் போக அவசரப்படக் கூடாது.

7 நவம்பர், செவ்வாய்

மாநிலத்தில் 7 பேர் இறந்திருக்கிறார்கள். நேற்றைக்கு முந்தின இரவு குடைக் கம்பால் தட்டித் தட்டி நடந்ததை நினைத்துக்கொண்டேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

கோயில் மண்டபத்தில் காலையிலிருந்து சமையல். சாதம், சாம்பார், பொரித்த நெத்திலி. பொட்டலம் கட்டி, பக்கத்துக் கம்பத்துக்கும் (கிராமத்துக்கும்) கொடுத்தோம். சூராவ் என்கிற சிறு தொழுகைக் கூடத்துக்காரர்கள் தண்ணீர் புட்டிகளை எங்களுக்கு அனுப்பினார்கள்.

9 நவம்பர், வியாழன்

சேறு. மேலே காய்ந்து வெடித்திருக்கிறது, உள்ளே களியாக இருக்கிறது. சுரண்டினால் எண்ணெயும் சாக்கடையும் கலந்த நாற்றம். முதலில் சுரண்டி, பிறகு சோப்பு, கடைசியில் பிளீச். சேற்றின் மேல் பிளீச்சை ஊற்றினால் காசுதான் வீண். கையுறையும் பூட்சும் போடாமல் யாரும் இறங்க வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வரும், காலில் சின்ன வெட்டுக் காயம் இருந்தாலே போதும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் கிளினிக்கில் ‘வெள்ளத் தண்ணீரில் நின்றேன்’ என்று தாமாகவே சொல்லிவிடுங்கள்.

தெரு முழுக்க மெத்தையும் சோபாவும் குவிந்து கிடக்கின்றன. மாக்சிக் தன் கல்யாணப் புகைப்பட ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, இடையில் டிஷ்யூ வைத்துக்கொண்டிருந்தார். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்தால் முகம் போய்விடும் என்பதால், சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம் என்று சொன்னேன். இருவரும் சேர்ந்து மத்தியானம் முழுக்க அதைச் செய்தோம். அவருடைய மாமியார் முகம் மட்டும் தப்பவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் நன்றாகவே வந்துவிட்டார்கள்.

12 நவம்பர், ஞாயிறு

கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவு வேலை) முடிந்து, அதே இடத்தில் தாமான் கூட்டம். பம்ப் அந்த இரவு எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டோம். வந்திருந்த அதிகாரியிடம் பதில் இல்லை, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். மின்சாரம் போனால் பம்ப்புக்கு மாற்று ஏற்பாடு உண்டா என்றும் கேட்டோம். அதையும் குறித்துக்கொண்டார். விடாமல் கேட்போம். குப்பையைப் பற்றிக் குடியிருப்பாளர்களுக்கு அறிவுரை சொல்வது சுலபம். லோங்காங்கைச் சுத்தமாக வைத்திருந்தோம், அப்படியும் தண்ணீர் திரும்பியது என்பதற்கு எங்களிடம் படம் இருக்கிறது.

மனுவில் மூன்று கோரிக்கைகள் எழுதியிருக்கிறோம். மதகு மூடும் நேரமும் திறக்கும் நேரமும் தாமான் வாட்ஸ்அப் குழுவுக்கு வர வேண்டும். பம்ப் ஓடிய நேரத்தைப் பதிவு செய்து யார் கேட்டாலும் காட்ட வேண்டும். கோயில், சூராவ், காப்பிக் கடை மூன்றிலும் அந்த மாதத்துக் கடல் ஏற்ற அட்டவணையை ஒட்ட வேண்டும். மூன்றாவதற்கு யாரையும் எதிர்பார்க்கப் போவதில்லை. அப்பா இன்றைக்கே எழுதத் தொடங்கிவிட்டார். 18ஆம் தேதி அமாவாசை, டிசம்பர் 3 பௌர்ணமி, அதிலும் நிலா பூமிக்கு நெருங்கி வரும் பௌர்ணமி, கடல் இன்னும் கூடுதலாக ஏறும். அந்த நாட்களைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். சீன அங்கிள் அதைச் சீனத்தில் எழுதித் தருகிறார், மாக்சிக்கின் மருமகன் மலாயில்.

கையெழுத்துப் போடாதவர்கள் நாளை மாலை ஏழு மணிக்குள் எங்கள் வீட்டுக்கு வந்து போடலாம். உட்கார நாற்காலி இன்னும் வாங்கவில்லை, நின்றபடியே போட்டுவிடலாம்.