பன்னிரண்டடிக் கூடத்திற்குப் புது ஸ்பீக்கர்கள்

ஜனவரி 4, 2025

பழைய ஸ்பீக்கர்களில், தாழ்ந்த ஒலிக்கான கூம்பாகிய ஊஃபரின் விளிம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் மறுபடியும் உதிரத் தொடங்கியிருக்கிறது. பாலியூரித்தேன் நுரை ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதையக்கூடியது. கடற்காற்று எட்டும் சென்னை வீடுகளில் அதன் ஆயுள் இன்னும் குறைவு. முன்பு ரிச்சி தெருவில் வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த வேலை நன்றாகவே உழைத்தது. இம்முறை உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டரும் மங்கி ஒலிப்பதால், புது ஜோடி வாங்குவதென்று முடிவாகிவிட்டது. கூடம் 12 அடிக்கு 14 அடி, ஆம்ப்ளிஃபயர் சானலுக்கு 60 வாட், கேட்பதில் பெரும்பகுதி கர்நாடக இசை. இவற்றை வைத்துப் பார்த்தால், தரையில் நிற்கும் உயரமான பெட்டியைவிடப் புத்தக அலமாரி அளவிலான சிறு பெட்டியே இங்கு பொருந்தும்.

ஜனவரி 11

கடையில் ஒரே கச்சேரிப் பதிவை இரண்டு ஜோடிகளில் மாற்றி மாற்றிக் கேட்டேன். முதல் ஜோடியில் பாஸ் தாராளமாக இருந்தது. ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி ஒலிக்கும்போதெல்லாம் பாடகரின் குரல் அதற்குள் அமிழ்ந்துபோயிற்று. அடுத்ததாகக் கேட்ட கெஃப் எல்எஸ்50 மெட்டாவில் குரல் தனியாக, இடம் சுட்டிக்காட்டும் அளவுக்குத் தெளிவாக நின்றது. ட்வீட்டரை ஊஃபரின் நடுவிலேயே பொருத்தியிருப்பதால் இரண்டின் ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவது இதற்கு முக்கியக் காரணம்.

இதன் பூர்வீகமும் எனக்குப் பிடித்தது. பிபிசி நிறுவனம் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்தில் வைத்துக் கேட்பதற்காக எல்எஸ்3/5ஏ என்னும் சிறு ஸ்பீக்கரை வடிவமைத்தது. மனிதக் குரல் இயல்பாக ஒலிக்க வேண்டும் என்பதே அதற்கு முதன்மைத் தேவையாக இருந்தது. அதன் ஊஃபரையும் ட்வீட்டரையும் செய்து கொடுத்தது கெஃப். 1961இல் தொடங்கிய அந்நிறுவனம் தன் பொன்விழாவை ஒட்டி 2012இல் முதல் எல்எஸ்50ஐ வெளியிட்டபோது, அந்தப் பழைய வடிவத்தையே முன்னோடியாகக் காட்டியது. மெட்டா வந்தது 2020இல்.

குறை என்றால், இதன் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எழுப்பும் ஒலியளவு, 85 டெசிபல்தான். 88 டெசிபல் உள்ள ஒரு ஸ்பீக்கர் எழுப்பும் அதே ஒலியளவுக்கு இதற்கு இரு மடங்கு வாட் வேண்டும். எட்டடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கும் எனக்கு 60 வாட் போதும். கல்யாண மண்டபத்தை நிரப்ப நினைப்பவர்கள் வேறு பார்க்கலாம்.

ஜனவரி 18

பெட்டிகள் வந்து சேர்ந்தன. வீட்டாரின் விருப்பப்படி முதலில் சுவரோடு ஒட்டிய மர அலமாரியிலேயே வைத்துக் கேட்டோம். கடையில் அடக்கமாக ஒலித்த அதே தொப்பி இங்கே பானைக்குள்ளிருந்து வருவதுபோல வீங்கி ஒலித்தது. தாழ்ந்த ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுவதால், பின்சுவரில் பட்டுத் திரும்புவது நேர் ஒலியோடு சேர்ந்து அதை மிகையாக்கிவிடுகிறது. போதாததற்கு இந்த ஸ்பீக்கரின் காற்றுத் துளையும் பின்பக்கம்தான் இருக்கிறது.

ஆகவே 14 அடி நீளத்தைப் பார்த்தவாறு, காது உயரத்திற்கு ட்வீட்டர் வரும்படி ஸ்டாண்டுகளில் நிறுத்தினேன். சுவரிலிருந்து விலக்க விலக்க வீக்கம் வடிந்தது. ஆனால் விலக்குவதற்கும் ஒரு விலை உண்டு: முகப்பிலிருந்து பின்சுவர் 75 சென்டிமீட்டர் என்றால், ஏறத்தாழ 115 ஹெர்ட்ஸில் திரும்பும் ஒலி நேர் ஒலிக்கு எதிர்க்கட்டத்தில் வந்து அதைக் குறைத்துவிடும். ஒரு கட்டைச் சுருதியில் (மேற்கத்திய ‘சி’) பாடுபவரின் ஆதார சட்ஜம் 131 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால், அந்தப் பள்ளம் குரலின் அடித்தளத்திற்கு மிக அருகில் விழுகிறது. எனவே பெட்டிகளின் இடத்தைச் சற்றே மாற்றி, கூடவே கொடுத்திருந்த நுரை அடைப்பானின் வெளிவளையத்தை மட்டும் துளையில் செருகியதும், தொப்பியைக் கையால் அழுத்தி எழுப்பும் கும்கி என்னும் நாதம் வழுக்கிச் செல்வதைத் தெளிவாகக் கேட்க முடிந்தது. அலமாரி அளவு ஸ்பீக்கர் என்பது அளவைக் குறிக்கும் பெயர்தானே தவிர, வைக்கவேண்டிய இடத்தைக் குறிப்பதல்ல என்று வீட்டில் விளக்கியிருக்கிறேன். ஸ்டாண்டுகளுக்கு இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை.

ஜனவரி 19

ஸ்பீக்கர் வயர்: போதிய தடிமனுள்ள சாதாரணச் செம்பு வயர். இதற்குமேல் செலவழிக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பிப்ரவரி 2

புது ஸ்பீக்கர் பல மணி நேரம் ஓடினால்தான் பழகும் என்பார்கள். பழகுவது பெரும்பாலும் காதுதான் என்று நினைக்கிறேன்.

வாங்கும்போது என்னை உறுத்திய எண் 79 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இதன் ஒலி சரியத் தொடங்குகிறது. ஒரு கட்டைக்குச் சேர்த்த தம்பூராவின் மந்தர சட்ஜமோ 65 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. ஆனால் கேட்கும்போது அந்தத் தந்தி குறைந்துபோனதாகத் தோன்றவில்லை. தந்திக்கடியில் செருகும் ஜீவாளி நூல் தம்பூராவின் ஆற்றலை மேல் ஸ்வரங்களுக்கு வாரி இறைத்துவிடுகிறது. 131, 196, 262 என்று அந்த அடுக்கு முழுமையாகக் காதில் விழும்போது அடிப்படை ஸ்வரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையிலும், அதில் பூசிய கருப்புப் பசையான கரணையின் காரணமாக மேல் ஸ்வரங்கள் ஒழுங்கான மடங்குகளில் அமைகின்றன, சர் சி. வி. ராமன் ஆராய்ந்து எழுதியது இதைத்தான். நம் இசையின் பெரும்பகுதி இந்தச் சிறு பெட்டியின் வரம்புக்குள்ளேயே நடக்கிறது. ராக் இசையோ சினிமாவின் வெடிச் சத்தமோ முதன்மையாகக் கேட்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்ஊஃபர் சேர்க்கச் சொல்லி நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். என் கூடத்தின் நீளமும் அகலமும் 41, 48 ஹெர்ட்ஸ் அளவில் தாமாகவே அதிரக்கூடியவை. சப்ஊஃபர் சரியாக அங்கேதான் கை வைக்கும், கனமான திரைச்சீலை போட்டாலும் அவ்வளவு தாழ்ந்த ஒலி அடங்காது. அந்தத் தொகையில் பழைய கச்சேரி கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்ற நல்ல டெக் ஒன்றைத் தேடுகிறேன்.