சுண்டுவிரலும் பெடலும்

நவம்பர் 6

மைனஸ் 3. வீட்டுக்குள் வந்து அரை மணி நேரமாகியும் இடது கால் சுண்டுவிரல் வெள்ளையாகவே இருந்தது. பக்கத்து விரலும் பாதி வெள்ளை. பிறகு நீலம், அப்புறம் சிவப்பு. சிவக்கும்போதுதான் வலி.

நவம்பர் 8

எல்லாரும் ஷூவின் மேல்பக்கத்தைத்தான் மூடுகிறார்கள். மேலே காற்றுப் புகாத உறை போட்டாயிற்று, சாக்ஸ் மாற்றியாயிற்று. ஆனால் அந்த உறையின் அடியில் கிளீட்டுக்காக (ஷூவைப் பெடலோடு பூட்டும் துண்டு) ஒரு பெரிய ஓட்டை இருக்கிறதே! அந்த ஓட்டையில் ஓர் இரும்புத் துண்டு, அதைப் பிடித்து நிற்கும் இரண்டு போல்ட், அவை போய் உட்காரும் உலோகத் தகடு. அந்தத் தகடு பாதத்துக்கு நேர் கீழே, உள்சோலுக்கு அடியில். கிளீட் பெடலைத் தொடுகிறது, பெடல் தன்னைத் தாங்கும் இரும்புக் கையை, கிராங்கை, தொடுகிறது, கிராங்க் மைனஸில் கிடக்கிறது. காலின் சூடு வெளியே போக நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி.

உள்சோலை எடுத்துவிட்டு போல்ட் தலைகளின் மேல் டேப் ஒட்டினேன். அதற்கு மேல் அலுமினியத் தாள் வைத்த சோல். கொஞ்சம் பரவாயில்லை. கனமான சாக்ஸ் போட்டால் இன்னும் மோசம்: ஷூ இறுகுகிறது, ரத்தம் விரல் வரை போவதில்லை. கோடை ஷூவுக்குள் குளிர்காலத்தைத் திணிக்க முடியாது.

ஷூவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். விரலைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 9

முடிவு வரவில்லை.

நவம்பர் 12

முதல் பனி. சிக்னலில் கால் ஊன்றினேன். பச்சை விழுந்ததும் மாட்டப் பார்த்தால் மாட்டவில்லை. கிளீட்டின் குழிக்குள் பனி அடைத்து, மிதித்த அழுத்தத்தில் ஐஸாகவே இறுகிவிட்டிருந்தது. பெடலின் ஸ்பிரிங் பக்கமும் அதே கதை. ஒரு கால் மாட்டியபடி, இன்னொரு கால் அந்தச் சின்ன இரும்புக் கட்டையின் மேல் வழுக்கிக்கொண்டே அடுத்த சிக்னல் வரை. பெடலில் உதைத்தேன், கிராங்கில் தட்டினேன். கடைசியில் சாவியால் சுரண்டி எடுத்தேன். பின்னால் கார்க்காரர் ஹார்ன் அடிக்கவில்லை, பாவம்.

மாட்டாமல் போவது எரிச்சல், அவ்வளவுதான். கழலாமல் போனால்? ஐஸில் சக்கரம் வழுக்கினால் விழ ஒரு நொடிகூட ஆகாது. அந்த நொடிக்குள் குதிகாலை வெளியே திருப்பி, கழற்றி, அதற்குப் பிறகு கால் ஊன்ற வேண்டும். கோடையில் இது யோசிக்காமலே நடக்கிறது. மரத்துப்போன காலுக்கு, திருப்பினோமா இல்லையா என்பதே தெரிவதில்லை.

நவம்பர் 13

கிளீட் பூட்டாத, தட்டையான பிளாட் பெடல் போடப் போகிறேன். மார்ச் வரை.

வலது பெடல் உடனே கழன்றது. இடதுக்கு மரை தலைகீழ் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ஸ்பேனரைப் பிடித்தபடி ஒவ்வொரு தடவையும் தலை சுற்றும். எனக்கு நினைவில் நிற்பது ஒன்றே: ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கட்டும், பின்சக்கரத்தின் பக்கம் தள்ளு, கழலும். இரண்டு பக்கத்துக்கும் இதே விதி.

இடது பெடலின் மரை ஏன் தலைகீழ் என்று இன்று ஒரு மணி நேரம் படித்துக்கொண்டிருந்தேன் (வேறு எதையும் படிக்கக் கூடாது என்பதற்காக). பேரிங்கின் உராய்வுதான் காரணம் என்று தோன்றும். அப்படியானால் மரை இப்போது இருப்பதற்கு நேர் எதிராக இருந்திருக்க வேண்டும். உண்மைக் காரணம் வேறு. நாம் மிதிக்கும் பளு, கிராங்க் சுற்றச் சுற்ற அச்சைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் அச்சு தன் துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில், எதிர்த்திசையில் உருண்டுகொண்டே போகும். அந்த உருளல் மரையை இறுக்க வேண்டும், கழற்றக் கூடாது. எனவே இடதுக்கு இடது மரை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் இடது பெடல் கழலவில்லை. சாலை உப்பு. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14

கழன்றது. கூடவே கைமுட்டித் தோலும்.

புதியது நைலான் உடம்பு, இரும்பு முள். அலுமினியத்தில் இன்னும் மெல்லியதாக, அழகாக வரும். ஆனால் அலுமினியம் சூட்டைக் கடத்தும், நைலான் அவ்வளவு கடத்தாது. அழகு கோடைக்கு. மரையில் தாராளமாக கிரீஸ் தடவினேன். மார்ச்சில் இன்னொரு கைமுட்டியைக் கொடுக்க எண்ணமில்லை.

நவம்பர் 15

சுண்டுவிரல் இருக்கிறது! மைனஸ் 5, ஒரு மணி நேரம், பூட்ஸ். இறங்கியதும் விரல்களை அசைத்துப் பார்த்தேன். ஐந்தும் தனித்தனியாக அசைந்தன.

மற்றதெல்லாம் கோளாறு. ஒவ்வொரு சிக்னலிலும் குதிகால் தானாக வெளியே திரும்புகிறது. கழற்ற ஒன்றுமே இல்லை, ஆனாலும் திரும்புகிறது. கூட ஓட்டும் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார்: “என்னப்பா, காலுக்கு இன்னும் தகவல் போகலையா?”

வேகமாகச் சுற்றினால் கால் பெடலை விட்டு மேலே எழுகிறது. மேடு பள்ளத்தில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் காற்றில். அதைவிட சீட் உயரம்தான் தொல்லை. பூட்ஸ் சோல் தடிமன், பெடலோ தட்டை. கிளீட்டும் பழைய பெடலும் சேர்ந்து கொடுத்த உயரம் போய் வேறு ஓர் உயரம் வந்திருக்கிறது. இடுப்பு ஆடுகிறது. சில மில்லிமீட்டர் இறக்கினேன், பிறகு கொஞ்சம் ஏற்றினேன். இருட்டிவிட்டது.

நவம்பர் 17

அண்ணனோடு வாக்குவாதம். மேலே இழுக்கும் சக்தி போய்விடுமே என்கிறார்.

எந்தச் சக்தி? சாதாரண வேகத்தில் போகும்போது மேலே வரும் கால் பெடலை இழுப்பதில்லை. பெரும்பாலும் அதன்மேல் கொஞ்சம் பாரமாகவே உட்கார்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கக் கால் அதையும் சேர்த்துத் தூக்குகிறது. பயிற்சி உள்ளவர்களுக்கும் இதே நிலைதான். 2007இல் வந்த ஓர் ஆய்வில், சைக்கிள் வீரர்களை வேண்டுமென்றே மேலே இழுத்து மிதிக்கச் சொன்னார்கள். பெடலில் விழும் விசை பார்க்க ஒழுங்காக ஆனது, ஆனால் அதே வேலைக்கு உடம்பு எரித்த சக்தி கூடியது.

“அப்போ எல்லாரும் எதுக்கு மாட்டிக்கிறாங்க?”

நியாயமான கேள்வி. ஸ்பிரிண்டில், எழுந்து நின்று மிதிக்கும்போது, வேகமாகச் சுற்றும்போது கால் நழுவக் கூடாது. ஒவ்வொரு தடவையும் பாதம் ஒரே இடத்தில் விழ வேண்டும். 1985 டூர் டி பிரான்ஸில் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ லுக் கம்பெனியின் கிளீட் பெடலோடு ஜெயித்த பிறகு பழைய வார்ப்பட்டைக் கூண்டுக்கு யார் திரும்பிப் போவார்கள்? குனிந்து பட்டையைத் தளர்த்தினால்தான் அதிலிருந்து காலை எடுக்க முடியும். அதற்கு முன்னால் கிளிப்லெஸ், அதாவது இந்தக் கிளீட் பெடல், பெரிய விடுதலை. ஆனால் இனோ ஜூலை மாதத்தில் ஓட்டினார்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றத்தில் ஏதோ குறைகிற மாதிரிதான் இருக்கிறது. மீட்டரை அணைத்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 19

போன் செய்தேன். இன்னும் ஒரு வாரம் என்றார்கள். போன வாரமும் இதையே சொன்னார்கள்.

நவம்பர் 22

இரவு மழை, விடியற்காலையில் உறைந்திருந்தது. ரோடு வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. பாலத்தின் மேல் முன்சக்கரம் இடது பக்கம் போனது. அடுத்து எனக்குத் தெரிந்தது, இரண்டு காலும் தரையில், சைக்கிள் தொடைகளுக்கு நடுவில், நான் நின்றபடியே வழுக்கிக்கொண்டிருக்கிறேன். திருப்பவில்லை, கழற்றவில்லை. கால் தானாக இறங்கிவிட்டது. காலுக்குத் தகவல் போய்விட்டது, அண்ணா!

பாலங்கள் முதலில் உறையும், அடியிலும் காற்று. இதைத் தெரிந்துகொண்டுதான் பாலத்தில் ஏறினேன்.

ஆணி டயர் போட வேண்டும். ஒன்றுதான் போட முடியுமென்றால் முன்சக்கரத்துக்கு. பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் தரைதான். பெடலை மாற்றியதால் வழுக்குவது நிற்காது. வழுக்கும்போது நான் எங்கே இருப்பேன் என்பது மட்டும் மாறும்.

நவம்பர் 23

முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் நான்கு ஓட்டை, வரிசையாக. நின்ற இடத்தில் பெடலைப் பின்னுக்குச் சுற்றினேன், முள் வந்து இறங்கியது. இதற்குத் தலைமுறை தலைமுறையாக மலைச் சைக்கிள்காரர்களிடம் மருந்து இல்லை. கெட்ட வார்த்தைதான் இருக்கிறது.

நவம்பர் 27

மைனஸ் 11. ஒரு சைஸ் பெரிய பூட்ஸ், ஒரே ஒரு கம்பளி சாக்ஸ். சுண்டுவிரல் சூடாக இல்லை, ஆனால் இருக்கிறது. உள்ளே விரலை மடக்கி நீட்ட இடம் இருப்பதுதான் மருந்து.

பாதத்தை முன்னால் தள்ளி வைக்கப் பழகிவிட்டேன். கிளீட் இருந்தபோது அச்சு விரல் மேட்டுக்கு அடியில். இப்போது அதைவிடப் பின்னால், பாதத்தின் வளைவை ஒட்டி. குதிகாலைத் தாழ்த்தினால் பாதத்தோடு முள் ஒட்டிக்கொள்கிறது, பள்ளத்தில் கால் எழுவதில்லை. கெண்டைக்காலுக்கு வேலை குறைவு. பின்தொடை மட்டும் மாலையில் முனகுகிறது.

பெரிய ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். வெட்கமாக இல்லை. நடந்தால் பாதத்துக்கு ரத்தம் ஓடுகிறது. அலாஸ்காவில் 1987 முதலே பனிப்பாதையில் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. அங்கே பல மைல் தூரம் தள்ளிக்கொண்டு நடப்பதும் பந்தயத்தில் சேர்த்தி. கிளீட் ஷூவோடு பனியில் நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நேற்றோடு ஒரு வாரம் முடிந்தது. கூப்பிடவில்லை.

டிசம்பர் 1

இன்று எதுவும் பிடிக்கவில்லை. அந்த ‘டக்’ இல்லை. கிளம்பும்போது ஒரு ‘டக்’, இரண்டு மிதி கழித்து இன்னொரு ‘டக்’, அதற்குப் பிறகு நானும் சைக்கிளும் வேறு வேறு இல்லை. இப்போது சைக்கிளின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். எந்த நிமிடமும் இறங்கிவிடக்கூடியவனாக. பாதுகாப்பு என்பது இதுதான் என்றால் அது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருக்கிறது.

பழைய பெடலை எடுத்துத் துடைத்து, ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி டப்பாவில் வைத்தேன்.

டிசம்பர் 2

டாக்டர் “குளிரைத் தவிருங்கள்” என்றார். எத்தனை டிகிரியிலிருந்து குளிர் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 3

பின்சக்கர ஹப்பில் கிரீஸ் இறுகிவிட்டது. உள்ளே கொக்கி பிடிக்காமல் பெடல் வெறுமனே சுற்றியது, கால் நழுவி சைக்கிள் சட்டத்தின் மேல்குழாயில் உட்கார்ந்தேன். இதைப் பற்றி மேற்கொண்டு எழுதப் போவதில்லை. மெல்லிய கிரீஸ் வாங்க வேண்டும்.

டிசம்பர் 5

கூப்பிட்டார்கள். நாளை காலை 8.20. போனில் சொல்ல மாட்டார்களாம், நேரில்தான்.

அண்ணன் காரில் கூட்டிப்போகிறேன் என்கிறார். மைனஸ் 14 வரும் என்று சொல்கிறார்கள். அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆணி டயர் முன்னால் மாட்டியாயிற்று, காற்றைக் கொஞ்சம் இறக்கணும். பூட்ஸை ஹீட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை