போனை எடுத்ததும் என்ன சொல்கிறார்கள்?

'கிரகாம் பெல்லின் காதலி பெயர் மார்கரெட் ஹலோ, அவர் பெயரைத்தான் உலகமே போனில் சொல்லிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு செய்தி அடிக்கடி ஏதாவது ஒரு வாட்ஸ்ஆப் குடும்பக் குழுவில் வந்து விழும், கீழே நாலு பேர் கை தட்டியிருப்பார்கள். சுத்தப் புருடா. பெல் கல்யாணம் செய்துகொண்டது மேபல் ஹப்பர்டை, 1877-ல். சின்ன வயதிலேயே காய்ச்சலில் காது கேட்காமல் போனவர் அவர். பெல்லுக்கே ஹலோ பிடித்தமில்லை, கப்பல்காரர்கள் தூரத்துக் கப்பலைப் பார்த்துக் கத்தும் 'அஹாய்' தான் போனுக்குச் சரி என்று நினைத்தவர்.

ஹலோவுக்காகப் பேசியவர் எடிசன். 1877 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் தந்திக் கம்பெனித் தலைவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கூப்பிடுவதற்கு மணியெல்லாம் தேவைப்படாது, ஹலோ என்றாலே பத்து இருபது அடி தள்ளிக் கேட்கும் என்கிறார். அந்தப் பக்கம் மேசையில் ஏதோ வேலையாக இருக்கிற ஆளை ஒரு சத்தம் போட்டுத் திரும்ப வைக்க வேண்டும், அதற்கு ஒரு கூவல், அவ்வளவுதான் விஷயம்.

பிரெஞ்சுக்காரர்களிடம் அது 'அலோ' ஆனது. நேரில் பார்த்தால் அதைச் சொல்ல மாட்டார்கள், போனுக்கு மட்டும். ரஷ்யா, துருக்கி, ஈரான், பிரேசில், வியட்நாம் என்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் இந்த அலோ காதில் விழும். நாமும் ஹலோவை அப்படியே எடுத்துக்கொண்டோம். நம்மிடம் அது இவ்வளவு அழுத்தமாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் மரியாதைச் சிக்கல் என்பது என் கட்சி. மணி அடிக்கிறது, அந்தப் பக்கம் பெரியப்பாவா, மேலதிகாரியா, கூடப் படித்த பயலா என்று தெரியாது, 'யாரு நீ' என்றால் அடி விழும், 'யாருங்க' என்றால் நண்பன் ஒரு வாரம் ஓட்டுவான். ஹலோவில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை, தப்பித்தோம்.

ஆனால் ஹலோவை வாங்கிக்கொள்ளாத, அல்லது வாங்கியும் தங்கள் வழியை விடாத ஊர்கள்தான் எனக்குப் பிடித்தவை. கொரியாவில் 'யொபொசேயோ'. 'இங்கே பாருங்கள்' என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். முகமே தெரியாத கருவியில் 'இங்கே பாருங்க' என்று ஆரம்பிப்பதே அழகு, அதைவிட அழகு என்னவென்றால் அதே வேரில் வந்த 'யொபோ' என்ற சொல்லைத்தான் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கூப்பிடப் பயன்படுத்துகிறார்கள். பேர் சொல்லாமல் 'ஏங்க, இங்க பாருங்க' என்று அடுக்களையிலிருந்து வரும் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சீனர்களின் 'வெய்' இன்னொரு ரகம். அதைத் தொனி இறக்கிச் சொன்னால் தெருவில் 'யோவ்' என்று கூப்பிடுகிற மாதிரி முரட்டுத்தனமாகக் கேட்கும், போனில் பலர் அதையே தொனியை மேலே ஏற்றி, கேள்வி கேட்பது போலச் சொல்வார்கள், உடனே மரியாதை வந்துவிடும். ஜப்பானின் 'மோஷி மோஷி'க்குப் பின்னால் இருப்பது பணிவாகச் 'சொல்கிறேன், சொல்கிறேன்' என்பது. மனுஷ வேஷம் போட்டு ஏமாற்றும் மாய நரிக்கு அதை இரண்டு முறை சொல்ல வராது, அதனால்தான் இரட்டித்துச் சொல்கிறோம் என்று ஒரு நாட்டுப்புறக் கதையும் வைத்திருக்கிறார்கள். மார்கரெட் ஹலோவுக்கு இந்த நரி எவ்வளவோ தேவலை.

இத்தாலியில் 'ப்ரோன்தோ', அதாவது 'தயார்'. மெக்சிகோவில் 'புவேனோ', அதாவது 'நல்லது', லைன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற காலத்தில் வந்த பழக்கம் என்பார்கள். போர்ச்சுகலில் 'இருக்கிறேன்' என்று எடுப்பார்கள். ஜெர்மன்காரர்கள் வளைத்துப் பேசாமல் தங்கள் குடும்பப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அது ஒரு விதத்தில் நியாயம், ராங் நம்பர் என்றால் அங்கேயே முடிந்தது.

நமக்கு ரொம்ப நெருக்கம் ஸ்பெயின். அங்கே 'தீகமே' என்று போனை எடுப்பார்கள், அச்சு அசலாக நம்முடைய 'சொல்லுங்க'. தெரிந்தவர் என்றால் 'தீமே', 'சொல்லு'. போலந்துக்காரர்கள் எதிர்ப்பக்கம் இருந்து 'கேட்கிறேன்' என்பார்கள். நம்மிடம் இந்த 'சொல்லு' முன்பு இவ்வளவு இல்லை. லேண்ட்லைன் இருந்த வீட்டில் யார் எடுத்தாலும் ஹலோதான், அப்புறம் 'யாரு பேசுறது?'. இப்போது திரையிலேயே பேர் வந்துவிடுகிறது, மரியாதைக் கணக்கை மணி அடிக்கும்போதே போட்டு முடித்துவிடுகிறோம். 'சொல்லுங்க சார்', 'சொல்லு மாப்ள', 'என்னம்மா', 'எங்கடா இருக்க?' என்று நேரே விஷயத்துக்குப் போய்விடலாம். நம்பர் மட்டும் வந்தால்தான் ஹலோ, அதுவும் கொஞ்சம் சந்தேகத்தோடு, எப்படியும் கிரெடிட் கார்டு வேண்டுமா என்றுதான் கேட்கப் போகிறார்கள். மகாராஷ்டிர அரசு 2022 அக்டோபரில் தன் ஊழியர்கள் போனில் ஹலோவுக்குப் பதில் 'வந்தே மாதரம்' சொல்ல வேண்டும் என்று உத்தரவே போட்டது. உத்தரவு போட்டெல்லாம் இந்த மாதிரிச் சொல்லை மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆரம்பத்துக்கு இத்தனை வழி இருக்க, முடிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவின் நியூ ஹேவனில் 1878-ல் வந்த டெலிபோன் டைரக்டரி, பேச்சை 'ஹல்லோவா' என்று ஆரம்பித்து 'அவ்வளவுதான்' என்று முடிக்கச் சொல்கிறது. ஆரம்பம் பிழைத்தது, முடிவு அங்கே யாருக்கும் ஒட்டவில்லை. நாம் ரிசீவர் போய் இத்தனை வருஷம் ஆன பிறகும் 'சரி, வச்சிடவா?' என்றுதான் கேட்கிறோம், எங்கே வைக்கப் போகிறோம் என்று தெரியாது. அதுவும் எங்கள் வீட்டு அத்தைகள் 'சரி வைக்கட்டா' என்ற பிறகுதான் யாருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், யாருக்கு சுகர் ஏறிவிட்டது என்ற முக்கியமான செய்திகளையே ஆரம்பிப்பார்கள்.