ஆபரேஷன் தியேட்டர பாத்து மயங்காத, டிரெஸ்ஸிங் ரூம பாரு

நேத்து நைட் ட்யூட்டில டீ குடிக்கும்போது ஒரு சிஆர்ஆர்ஐ தம்பி (எம்பிபிஎஸ் கடைசில ஹவுஸ் சர்ஜனா வேலை பாக்குற பையன்) கேட்டான், "அக்கா, ஆர்த்தோவா ஈஎன்டியா ஜெனரல் சர்ஜரியா, ஒன்னுமே புரியல, நீங்க எப்படிக்கா முடிவு பண்ணீங்க"ன்னு.

பாதி முடிவ ரேங்க்தான் எடுக்கும், அத மறைக்க வேணாம். எம்பிபிஎஸ்க்கு அப்புறம் மேல்படிப்புக்கு எழுதுற நீட் பிஜி எக்ஸாம், 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், அதுல வர்ற நம்பர்தான் கவுன்சிலிங்ல பேசும். டாப் ரேங்க்லாம் ரேடியாலஜி, மெடிசின், ஸ்கின்னு போயிடும். நான் சர்ஜரின்னு சொன்னதும் பெரியம்மா "பொம்பள புள்ளைக்கு எதுக்கு, பிரசவம் பாக்குற படிப்ப எடு"ன்னாங்க. அந்த ஓஜி (மகப்பேறு) படிப்போட லேபர் வார்டு ட்யூட்டிய ஒரு நாள் பாத்திருந்தா அப்படி சொல்லியிருக்க மாட்டாங்க!

எனக்கும் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நைட்டு 2 மணிக்கு வந்த ஒரு குடல் ஓட்டை கேஸ்லதான் ஆசை வந்துச்சு, எக்ஸ்ரேல உதரவிதானத்துக்கு கீழ காத்து கறுப்பா தெரியுது, ஒரு மணி நேரம் வயித்த விரிச்சு வைக்கிற ரிட்ராக்டர் பிடிச்சு கை மரத்துப்போச்சு, ஆனா அந்த ஓட்டைய கொழுப்புத் திரைய வச்சு அடைச்சத பக்கத்துல நின்னு பாத்தப்ப வேற எதுவும் வேணாம்னு தோணுச்சு.

ஆனா அந்த மாதிரி ராத்திரி எப்பவாவது தான். தினமும் காலையில இருக்கிறது சுகர் கால் டிரெஸ்ஸிங். நாத்தம், புழு, விரல எடுக்கணும்னு சொன்னா அழுற தாத்தா. அந்த ரூம்ல ஒரு வாரம் நின்னும் வெறுக்கலைன்னா சர்ஜரிய தைரியமா எடுக்கலாம்னு அவன்கிட்ட சொன்னேன். ஆர்த்தோன்னா மாவுக்கட்டு ரூம், ஆபரேஷன் நடுவுல எக்ஸ்ரே பாக்குற சி-ஆர்ம் மெஷின் போட்டா தோள்ல தொங்குற ஈய ஏப்ரன். ஈஎன்டின்னா நாள் பூரா காதுல சீழ். பிளாஸ்டிக்னு கனவு இருந்தா, வேற இடத்துலருந்து எடுத்து வச்ச சதை உயிரோட இருக்கான்னு நைட் பூரா மணிக்கு ஒரு தடவை எழுந்து பாக்கணும்.

அப்புறம் வருஷக் கணக்கு. எம்பிபிஎஸ் அஞ்சரை, சர்ஜரி மேல்படிப்பு எம்எஸ் 3, யூராலஜியோ பீடியாட்ரிக் சர்ஜரியோ வேணும்னா இன்னொரு எக்ஸாம், அதுக்கான எம்சிஎச் இன்னும் 3. நடுவுல எக்ஸாமுக்குப் படிக்கன்னு ஒரு வருஷம் கூட ட்ராப் இல்லாம பதினொன்னரை. தம்பி விரல் விட்டு எண்ணிட்டு டீய கீழ வச்சிட்டான் பாவம்.

இன்னிக்கு காலைல 7 மணிக்கு டிரெஸ்ஸிங் ரூமுக்கு வாடான்னு சொல்லியிருந்தேன். வந்தான். ரெண்டு மாஸ்க் போட்டுக்கிட்டு.